வலது கால் போதும் என்றேன்

கதிர்,

போனில் பேசினால் நான் பேசிக்கொண்டே போவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு ஏதாவது வேலை பார்ப்பாய். கடைசியில் "சாப்டியாம்மா?" என்று கேட்டு வைத்துவிடுவாய். இந்த முறை அப்படித் தப்பிக்க முடியாது, எழுதியே விட்டேன். கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு நாளைக்குப் படி. ஆனால் முழுக்கப் படி. நிவேதாவும் படிக்கட்டும். வேறு யார் கையில் கிடைத்துப் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. மறைத்து மறைத்துத்தான் நாம் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறோம்.

கல்யாணம் முடிந்து நீங்கள் சிதம்பரத்தில் தனிக்குடித்தனம் போன அன்றைக்கு, இங்கே செம்மண்டலத்து வீட்டு வாசல் ஸ்டாண்டில் உன் ஷூ அப்படியே இருந்தது. மறந்துவிட்டுப் போய்விட்டாய் என்றுதான் நினைத்தேன். துடைத்து, பாலிஷ் போட்டு, அப்பா அந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்பலாம் என்று பையில் சுற்றி வைத்தேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஏன்டி, பல்லு தேய்க்கிற பிரஷ்ஷக் கூட மறக்காம எடுத்துக்கினு போனவன் ஷூவ மட்டும் மறப்பானா?" என்றார். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. இருந்தாலும், புது மாப்பிள்ளை, புதுச் செருப்பு வாங்கியிருப்பான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அடுத்த வாரம் நிவேதா போன் செய்தாள். உனக்குத் தெரியாமல்தான் செய்தாள், அதற்காக அவளைத் திட்டாதே. "அத்தை, ஒண்ணு கேக்கலாமா? கோச்சிக்காதீங்க. அவரு எடது கால் ஓரத்துல ஆணி மாரி கெட்டியா இருக்குதே, எப்பலேர்ந்து இருக்குது?" என்றாள். "ஆணியா? அவனுக்கா? அதெல்லாம் ஒண்ணும் கெடையாதே" என்றேன். அவள் மெதுவாகச் சொன்னாள். "இல்ல அத்தை, ரொம்ப நாளா இருக்கற மாரி இருக்குது. டாக்டர்கிட்ட காட்டினோம். இது உடைஞ்சி புண்ணாச்சின்னா ஆறாது, அதுக்குள்ள காலுக்குச் சரியா பொருந்துற மாரி ஷூ போடணும்னாரு. இவரு எதுவும் வேணாம்னு ரப்பர் செருப்புலயே போறாரு. அம்மா செஞ்ச ஷூ காலேஜ்லேர்ந்தே வலிக்கும்னாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு வேற சொன்னாரு."

முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். நேற்று வந்தவள், என் பிள்ளை காலைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாளா என்று. "வலிச்சா அவனுக்கு வாயில்லியா?" என்று கேட்டு டப்பென்று போனை வைத்துவிட்டேன். பாவம் அந்தப் பெண். மறுநாள் அவளைக் கூப்பிட்டு மன்னித்துக்கொள்ளம்மா என்று சொன்னேன். "அய்யோ அத்தை, விடுங்க" என்றாள். நல்ல பெண்ணாகத்தான் வாய்த்திருக்கிறாள்.

என் வேலை உனக்குத் தெரியும். தெரியாதவர்கள் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். சிப்காட் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பம்பு, வால்வு என்று ஏதாவது ஆசிட் அரித்து வீணாகிவிடும். அதைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டுப் போயிருப்பார்கள், வரைபடமும் இருக்காது. அந்தத் துண்டைக் கோணியில் சுற்றி எங்கள் ஆபீசுக்குக் கொண்டுவருவார்கள். வெள்ளைப் பவுடர் அடித்து ஸ்கேனரைச் சுற்றிச் சுற்றிக் காட்டினால், அது கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கான புள்ளிகளாக வந்து விழும். அந்தப் புள்ளிகளின் மேல் வளைவுகளை ஓட்டி, அந்தப் பொருளை மறுபடி வரைந்து கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். புள்ளிகள் சொல்கிறபடியே போட்டால் வளைவு நெளிந்து நெளிந்து போகும், ஏனென்றால் அரிப்பு, துரு, சொட்டை எல்லாம் அதில் சேர்ந்தே வந்திருக்கும். அதனால் ரீபில்ட் கொடுப்போம். வளைவை இழுத்துப் பிடித்திருக்கும் புள்ளிகளில் பெரும்பாலானதை எடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் வைத்து அதைப் புதிதாகக் கட்டுவது. நெளிவெல்லாம் போய் வழவழவென்று வந்துவிடும். ஒரு பக்கம் ரொம்பவும் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கத்தை நம்பவே மாட்டோம். நல்ல பக்கத்தை எடுத்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி அந்தப் பக்கம் வைத்துவிடுவோம், அதற்கு மிரர் என்று பெயர். பொருள் புதிதாக இருந்தபோது எப்படி இருந்ததோ அங்கே கொண்டுபோய் நிறுத்துவதுதான் கணக்கு. அதில் நான் கெட்டிக்காரி. "மேடம் கை வெச்சா வளைவு வழுக்கிக்கினு போவும்" என்று முதலாளியே வருகிறவர்களிடம் சொல்வார்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் உன் காலில் காட்டினேன். பிறக்கும்போதே உனக்கு இடது பாதம் உள்பக்கமாக மடிந்திருந்தது. கட்டுப் போட்டு, ஆபரேஷன் செய்து, நடக்க வைத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பாதம் வலதைவிடச் சின்னது, ஊன்றும்போது பாரமெல்லாம் வெளி ஓரத்தில் விழும். ஸ்கூல் முடிகிற வரைக்கும் ஆஸ்பத்திரியில் கொடுத்த தடித்த ஷூவைப் போட்டுக்கொண்டு போனாய், பிள்ளைகள் கேலி செய்தார்கள். காலேஜ் சேருகிறாய், அங்கேயும் இதே கூத்தா என்று எனக்குப் பொறுக்கவில்லை. முதலாளியிடம் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னை ஆபீசுக்கு அழைத்துப் போனேன். நீ மேசை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தாய், "ஆட்டாதடா, படம் அலையுது" என்று தொடையில் ஒன்று வைத்தேன். ஞாபகம் இருக்கிறதா?

இரண்டு காலையும் ஸ்கேன் எடுத்தேன். வலது பாதத்தின் வளைவு பார்க்கவே அழகாக இருந்தது. இடது பாதத்துக்கு வெளி ஓரத்தில் ஒரு புடைப்பு, உள்வளைவும் ஒழுங்கில்லை. பம்புக்கு என்ன செய்வேனோ அதையே செய்தேன். வலது பாதத்தை மிரர் செய்து, நீளத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து, இடது ஷூவுக்குள் வைக்கிற மெத்தையை அதிலிருந்து வரைந்தேன். புடைப்பு இருந்த இடத்திலும் வளைவை நேராக ஓட்டிவிட்டேன். அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். ஸ்கேனில் வந்த பிழை என்று நான் ஏமாறவில்லை, உன் காலில் திருத்த வேண்டிய பிழைதான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். மெஷினில் ஃபோமை வெட்டி, திருப்பாதிரிப்புலியூர் கடையில் வாங்கிய ஒரே சைஸ் ஷூவில் பொருத்தி, முன்பக்கத்துக் காலியிடத்தையும் அடைத்துக் கொடுத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு காலும் ஒன்று போலவே இருந்தன. நீ கேட் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தாய். "எப்பிடிடா இருக்குது?" என்றேன். "சூப்பர்மா" என்றாய்.

அதற்குப் பிறகு ஃபோம் அமுங்கிப் போகும் போதெல்லாம் அதே ஃபைலை வைத்து அதே மாதிரி வெட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் "சூப்பர்மா"தான். நீ வேறு வார்த்தை சொல்லவில்லை, எனக்கும் வேறு வார்த்தை கேட்க ஆசையில்லை. கிரிக்கெட் ஆடப் போவதை நிறுத்தினாய், படிப்பில் அக்கறை வந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். வேலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே உட்கார்ந்து ஷூவை அவிழ்த்துவிட்டு அப்படியே கண்ணை மூடிக்கொண்டிருப்பாய், "வந்ததும் வராததுமா என்னா சோம்பேறித்தனம்" என்று சத்தம் போடுவேன். இப்போது அதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தால் என்னையே நாலு அறை விட வேண்டும் போலிருக்கிறது.

நிவேதாவின் போனுக்குப் பிறகு ஆபீசில் அந்தப் பழைய ஃபைலைத் திறந்தேன். வரைந்ததை ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சோதனை உண்டு. பொருந்துகிற இடம் பச்சையாகத் தெரியும், விலகிய இடம் சிவப்பாகும். அன்றைக்கும் அந்தச் சோதனையைச் செய்துதான் இருந்தேன், ஒரு பொட்டுச் சிவப்பு இல்லாமல் எல்லாம் பச்சை. எதனோடு ஒப்பிட்டேன் என்று இப்போதுதான் பார்த்தேன் கதிர். உன் இடது காலோடு இல்லை, நான் மிரர் செய்து வைத்த வலது காலோடு! நான் போட்டதை நான் போட்டதோடேயே வைத்துப் பார்த்தால் பச்சை வராமல் என்ன செய்யும்? உன் இடது காலின் ஸ்கேன் அதே ஃபைலில் ஒரு ஓரத்தில் தொடப்படாமல் கிடந்தது. அதை எடுத்து மெத்தையின் மேல் வைத்தேன். வெளி ஓரம் முழுக்கச் சிவந்துவிட்டது, நிவேதா சொன்ன அதே இடம். நான் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு முதலாளி வந்து, "என்னா மேடம், எந்த பம்பு இது?" என்றார். "பம்பு இல்ல சார், எம்புள்ள" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உன் கால் தேய்ந்துபோன பொருள் இல்லையே. அது புதிதாக இருந்தபோதும் அப்படித்தான் இருந்தது. துணியில் சுற்றி உன்னை முதன்முதலில் என் கையில் கொடுத்தபோதே அந்தப் பாதம் அதே மாதிரி திரும்பித்தான் இருந்தது, என் சுண்டு விரலைத் தட்டியது. நான் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்த வேறு ஒரு நல்ல கால் உனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இத்தனை வருடம் வேலை பார்த்தவளுக்கு இந்தச் சின்ன விஷயம் உறைக்கவில்லை.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். அதைத்தான் எழுதத் தயங்கிக்கொண்டிருக்கிறேன். நிச்சயம் முடிந்த கையோடு உன் மாமியார் போனில், மாப்பிள்ளை மேடைக்குப் போகும் முன்னால் பெண்ணின் தம்பி அவர் காலைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து அழைத்துப் போவான் என்றார். வேட்டி கட்டிய வெறுங்காலோடு, அத்தனை பேர் நடுவில் தாம்பாளத்தில் உன் காலை வைப்பதை நினைத்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "எங்க பக்கம் அந்தப் பழக்கம் இல்லிங்க சம்மந்தி" என்று சொல்லிவிட்டேன். அப்பா பேப்பரை இறக்கிவிட்டு, "ஏன்டி, நம்ம கல்யாணத்துல உங்கண்ணன் எங்கால்ல ஒரு கொடம் தண்ணி ஊத்துனானே, அது இன்னா குளிப்பாட்டுனதா? அவன் காலு தெரிஞ்சாதான் இன்னாடி?" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்றேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உனக்கு எல்லாம் கேட்டது. தலை நிமிரவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய்.

கல்யாணத்தன்று சிதம்பரத்து மண்டபத்தில் நிவேதாவின் தம்பி மாதவன் தாம்பாளமும் செம்புமாக வந்து நின்றுவிட்டான். "அத்தை, உங்க பக்கம் இல்லாட்டிப் போவுது, எங்க பக்கத்துக்கு நான் செஞ்சிடறேன். எனக்கு இருக்கறது ஒரே மாமாதான?" என்று சிரித்தான். சுற்றிலும் சொந்தக்காரர்கள், வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு வாயில் வந்தது இதுதான். "சரிப்பா, வலது கால் போதும். முகூர்த்தத்துக்கு நேரமாவுது." நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. வலது காலை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாய், இடது காலை வேட்டிக்குள் பின்னால் இழுத்துக்கொண்டாய். மாதவன் ஒன்றும் புரியாமல் அந்த ஒரு காலைக் கழுவினான். அவ்வளவு நேரமும் உன் உடம்பு பாரம் முழுக்க அந்த இடது காலில்தான் நின்றது. எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது, கதிர். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

அப்புறம் என்ன ஆயிற்று? அக்கினியைச் சுற்றி வரும்போது வெறுங்காலோடு நீ சாய்ந்து சாய்ந்து நடந்ததை மண்டபமே பார்த்தது. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாருக்கும் பந்தி எப்போது போடுவார்கள் என்ற கவலைதான். நிவேதா உன் நடைக்கு ஏற்ற மாதிரி தன் நடையைக் குறைத்துக்கொண்டு வந்தாள். அம்மி மிதிக்கும்போது நீ குனிந்து அவள் பாதத்தைப் பிடித்து மெட்டி போட்டாய், கூச்சத்தில் அவள் சிரித்துவிட்டாள், எல்லாரும் சிரித்தார்கள். அவள் காலை அத்தனை பேருக்கு முன்னால் தொட உனக்கு உரிமை இருந்தது. உன் காலைக் காட்ட உனக்கு நான் இடம் கொடுக்கவில்லை.

நீ ஏன் சொல்லவில்லை என்று கோபப்பட்டேனே, அதற்கும் நான்தான் காரணம் என்று பிறகு புரிந்தது. ஸ்கூல் சேர்ந்த புதிதில் உனக்குப் பாண்டிச்சேரியில் ஆபரேஷன் ஆயிற்று. கட்டு மாற்றிவிட்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டே வருவேன். நீ என் மடியில் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு, "வலிக்கலம்மா. நீ அழாத" என்பாய். பக்கத்து சீட்டு அம்மா, "இந்த வயசுல இன்னா புத்தி பாரு" என்று உன்னை மெச்சினார்கள், நானும் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். வலிக்கிற பிள்ளைதான் அழ வேண்டும், அம்மா சமாதானம் சொல்ல வேண்டும். நம் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. அந்த "வலிக்கலம்மா"தான் வளர்ந்து "சூப்பர்மா" ஆகியிருக்கிறது.

அதனால் கல்யாணம் ஆன பிள்ளைக்கு அம்மா சொல்ல ஏதாவது இருக்கிறது என்றால் இதுதான். நிவேதாவிடம் இந்தப் பழக்கத்தைக் கொண்டுபோகாதே. சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்றால் ஜாஸ்தி என்று சொல். மனசு சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல். அவள் முகம் வாடினால் வாடட்டும், அவள் தாங்குவாள், என்னைப் போல அழுது உன் வாயை அடைக்க மாட்டாள். நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதற்கும் ஒரு பாதம் திரும்பியிருந்தால், வைத்தியம் பாருங்கள், கட்டுப் போடுங்கள், செய்ய வேண்டியதையெல்லாம் செய்யுங்கள். ஆனால் காலை யாரும் பார்த்துவிடுவார்களோ என்று மட்டும் பயப்படாதீர்கள். நான் பயந்து பயந்து என்ன கண்டேன், உன் காலில் ஆணிதான் வந்தது.

முந்தாநாள் மாதவனுக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, எங்க பக்கமும் அந்தப் பழக்கம் உண்டுப்பா. எங்கண்ணனே செஞ்சாரு. எம்புள்ள காலு தெரியக் கூடாதுன்னு நான்தான் பொய் சொன்னேன். உங்கம்மாகிட்டயும் சொல்லிடு" என்றேன். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் கேட்டது இதுதான். "அப்ப எனக்கு இன்னும் ஒரு காலு பாக்கி இருக்குதா அத்தை?" நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன், அவனும் "அத்தை, அத்தை" என்று தவித்துப்போனான். தலை தீபாவளிக்கு எண்ணெய் வைக்கும் முன்னால் செம்போடு வந்து நிற்பான். நான் அங்கே இருக்க மாட்டேன், அதுவும் நல்லதுதான், இருந்தால் ஏதாவது வாயை விடுவேன். நீ பின்னால் இழுத்துக்கொள்ளாதே.

இந்தக் கடிதத்தோடு ஒரு மெத்தை அனுப்புகிறேன். இடது காலுக்கு மட்டும். மிரர் இல்லை, ரீபில்ட் இல்லை. ஸ்கேனில் உன் பாதம் எப்படிப் போகிறதோ அப்படியே வளைவை விட்டுவிட்டேன். புடைப்பு இருக்கிற இடத்தில் பள்ளம் விட்டிருக்கிறேன். எடுத்துக் காட்டினால் முதலாளி, "என்னா மேடம், இது உங்க கை மாரியே இல்ல" என்பார், அவ்வளவு நெளிவாக இருக்கிறது. என்றாலும் அது காலேஜ் சேர்ந்தபோது எடுத்த ஸ்கேன். அதற்குப் பிறகு உன் கால் என் ஷூவுக்குள் என்னென்ன பட்டதோ, அது எனக்குத் தெரியாது. நீ இதைப் போடாமலே போகலாம். வேறு ஆளிடம் செய்துகொள்ளலாம், நான் வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன், வருத்தப்படுவேன், ஆனால் தாங்கிக்கொள்வேன்.

போட்டுப் பார்ப்பாயானால், வீட்டுக்குள் மட்டும் நடந்து பார்த்துவிட்டு, உறுத்துகிற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்பு. நான் மறுபடி வெட்டித் தருகிறேன். அதிலும் வலித்தால் அதிலும் கோடு போடு. எத்தனை தடவை என்றாலும் சரி, எனக்கு வேறு என்ன வேலை. எப்படி இருக்கிறது என்று போனில் கேட்பேன். சூப்பர்மா என்று மட்டும் சொல்லிவிடாதேடா.

அம்மா